வெயிலுகந்தாள் போட்ட உள்தாழ்

முதல் மழை பெய்து மண் இளகின நாள்களில், இருட்டினதற்கப்புறம், எங்கள் மேய்ச்சல் காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்கும். வெடுக். கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. மறுபடியும் வெடுக். நரியும் இல்லை, ஆந்தையும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து எதையோ ஒரே இழுப்பில் உருவுகிற சத்தம்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த வருசம் அதைக் கேட்டுவிட்டு ஓடிப்போய் மாமியாரின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். "பயப்படாத அம்முணி. அது நம்ம வெயிலுகந்தா. வேர் பறிக்கறா. அவளுக்கு இன்னும் கோவம் அடங்குல" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன கதைதான் இது. அப்புறம் இந்த ஊரில் பத்துப் பேர் வாயில் பத்து விதமாகக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் கோபம் மட்டும் ஒரே அளவுதான்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பஸ்ஸும் கரண்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், இதே வெள்வேலம்பாளையத்தில் நாட்ராயன் என்று ஒருத்தர் இருந்தாராம். இருபது ஏக்கர் மேய்ச்சல் காடு அவருக்கு. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே முழங்கால் உயரம் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே நிழலுக்கு வெள்வேல மரம். அறுபது செம்மறி. கிணறு கிடையாது, வெள்ளாமை கிடையாது. அந்தப் புல் இருந்தால் ஆடு இருக்கும், ஆடு இருந்தால் அடுப்பு எரியும். அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

நாட்ராயன் நல்ல மனுசர். யார் முகத்தையும் முறித்துப் பேசத் தெரியாதவர். இந்தக் கதையில் வந்த கெடுதல் பூராவும் அந்த நல்ல குணத்தால் வந்ததுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வைப்பாற்றுக்குத் தெற்கே, கரிசல் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். அவள்தான் வெயிலுகந்தாள். வரும்போதே ஒரு விநோதமான பழக்கத்தோடு வந்தாளாம். ஆடு நடந்து போன தடத்தில் குனிவாள். புழுக்கை ஒன்றை எடுப்பாள். உடைப்பாள். பார்ப்பாள். எறிவாள். சந்தையிலிருந்து புது ஆடு வந்தாலும் அதே. விருந்தாளி ஓட்டி வந்த ஆடானாலும் அதே. எடுப்பாள், உடைப்பாள், பார்ப்பாள், எறிவாள்.

ஊர் சும்மா இருக்குமா?

"ஏப்பா நாட்ராயா, உன்ற பொண்டாட்டி புழுக்கை பாத்து ஜோசியம் சொல்றாளாமா? என்ற மகனுக்கு எப்பக் கலியாணம்னு கேட்டுச் சொல்லு."

"புழுக்கை வேணுமா, நாங்க ரெண்டு கூடை கொண்டாரட்டுமா?"

நாட்ராயன் சிரித்துச் சமாளிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். ஏன் சிரிப்பாள்? அவள் அப்பனுக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு காடு இருந்தது. எவனோ சீமையிலிருந்து ஒரு முள்ளைக் கொண்டு வந்தான். கொண்டு வந்தது யார் என்று ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். வேலிக்காத்தான் என்கிறோமே, அந்தச் சீமைக்கருவேலம். வேலிக்கு ஆகும், விறகுக்கு ஆகும் என்று கொண்டாடினார்கள். அதன் காய் தித்திப்பு. ஆடு அதற்கு அலையும். ஆனால் ஆட்டுப் பல்லுக்கும் குடலுக்கும் அந்த விதை அசையாது. முழுசாகப் புழுக்கையோடு வந்து விழும். விதையும் அதுதான், எருவும் அதுதான். ஆடு போகிற இடமெல்லாம் விதைத்துக்கொண்டே போகும்.

அஞ்சு வருசத்தில் அவள் அப்பன் காடு முள்ளானது. முள்ளுக்குக் கீழே புல் நிற்கவில்லை. ஆடுகள் குளம்பில் முள் ஏறி நொண்டின. நொண்டி ஆட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அந்த மனுசன் தன் காட்டு முள்ளையே வெட்டி, தன் காட்டிலேயே, இன்னொருத்தனுக்குக் கூலியாகக் கரி சுட்டான். ஒரு நாள் காலில் முள் தைத்தது. கால் வீங்கியது. போய்ச் சேர்ந்தான். அப்போது அவளுக்குப் பதிமூணு வயசு. கரி மூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆட்டுப் புழுக்கையை ஒவ்வொன்றாக உடைத்து, காய் தின்ற ஆட்டுக்கு ஏழு நாள் வரைக்கும் விதை வருகிறது, எட்டாம் நாள் வரவில்லை என்று அவள் கண்டுபிடித்தாளாம். கண்டுபிடித்து என்ன, காடு போன பிறகு.

இது தெரிந்துதான் சிரிக்காமல் இருந்தாள். சரி. கதைக்கு வருவோம்.

வெயிலுகந்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் மாசம் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அவள் அண்ணன் தளவாய் சீரோடு வந்தான். இருபத்தியோரு பெட்டை ஆடு. தெற்கேயிருந்து ராப்பகலாக நடந்து வந்திருக்கிறான். ஊரே வாசலில் வந்து நின்று பார்த்தது. நாட்ராயனுக்கு நெஞ்சு விரிந்து போயிற்று.

வெயிலுகந்தாள் ஆட்டைப் பார்க்கவில்லை. அண்ணன் தோளில் கிடந்த சாக்கைப் பார்த்தாள்.

"அண்ணே, சாக்குல என்ன?"

"வழித்தீனி தாயி. நம்ம ஊரு காய். பச்சையே இல்லாத வெயில்ல இதுதான் ஆட்டைக் காப்பாத்துச்சு. இந்தா, உன் ஆட்டுக்கும் ரெண்டு போடு."

அவள் குனிந்தாள். புழுக்கையை எடுத்தாள். உடைத்தாள். பார்த்தாள். ஒரு புழுக்கையில் மூணு விதை.

"ஆடு உள்ளே வராது. காட்டுக்கு வெளியே பட்டி போட்டுத் தாரேன். எட்டு நாள் அங்கே நிக்கட்டும்."

"ஏ கழுத, என்ன பேசுத? சீர் ஆட்ட வெளிய நிறுத்துவியா? ஆட்ட நிறுத்துனா என்னய நிறுத்துன மாதிரி."

"நீ உள்ளே வா. சாப்பிடு. மடியில பிள்ளைய வச்சுக்கோ. ஆடு எட்டு நாள் கழிச்சு வரும்."

"ஊர் பாக்குது மூதி!"

"பாக்கட்டும். நம்ம அய்யா கரி சுட்டதையும் ஊர் பாத்துச்சு."

நாட்ராயன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "மச்சான், நீங்க மனசுல வச்சுக்காதீங்க... ஏ புள்ளே, கொஞ்சம் மெதுவாப் பேசு..." என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாராம்.

காது குத்தினார்கள். குழந்தை அழுதது. தளவாய் சோறு தின்னவில்லை. மடியிலிருந்து பிள்ளையை இறக்கிவிட்டு, "இனி உனக்கு அண்ணன் கிடையாது" என்று சொல்லிவிட்டு, வந்த தடத்திலேயே போய்விட்டான். அவள் கூப்பிடவில்லை. பட்டிக்குள் போய்ப் புழுக்கையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் விதை. ரெண்டாம் நாள் விதை. அஞ்சாம் நாள் ஒன்றிரண்டு. ஏழாம் நாள் பட்டி முழுக்கத் தேடி ஒன்றே ஒன்று. எட்டாம் நாள் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் ஆடுகளைக் காட்டுக்குள் விட்டாள். பட்டியில் விழுந்த புழுக்கை பூராவையும் ஒரு பொட்டு விடாமல் கூட்டிக் குமித்தாள். காய்ந்ததும் வைக்கோல் போட்டுக் கொளுத்த வேண்டும் என்றாள்.

இத்தனையும் சரியாகச் செய்தாள். தப்பு அவள் பக்கம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி குழந்தைக்குக் காது சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. அவள் தூளியை விட்டு நகரவில்லை. வெளியே அந்தக் குமி அப்படியே கிடந்தது. நாட்ராயனின் ஆத்தா அதைப் பார்த்தாள். பார்த்தால் தாங்குமா? ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்து, ஆட்டுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, புழுக்கை ஒன்று வாசலில் உருண்டாலும் எடுத்து எருக்குழியில் போடுகிற பொம்பளை.

"ஏனப்பா நாட்ராயா, இருபத்தியோரு ஆட்டு எரு. எட்டு நாள் எரு. நெருப்பு வைக்கோணுமாமா? சோத்துக்கு நெருப்பு வைக்கிற மாதிரி இருக்குது எனக்கு."

"அவ சொல்லிட்டாளுங்க ஆத்தா."

"அவ தெக்கத்தியாளு. அவளுக்கென்ன தெரியும் எருவோட அருமை? வடக்கோரம் புல்லு மெலிஞ்சு கிடக்குது. கொண்டு போய் எறைச்சுடு. வைக்கோலைக் கொளுத்திச் சாம்பலைக் காட்டு. முடிஞ்சுது."

ஆத்தா முகத்தையும் முறிக்கத் தெரியாதே அவருக்கு! இறைத்தார். எட்டுக் கூடை. வடக்கோரம் பூராவும் பக்குவமாக, கை வீசி வீசி இறைத்தார். வீட்டுக்கு வந்து, "எரிச்சாச்சு" என்றார். அவள் சாம்பலைப் பார்த்தாள். நம்பினாள்.

எனக்குப் பள்ளியில் பாடம் எடுத்த சிஸ்டர், விதை பரவும் வழி நாலு என்று போர்டில் எழுதிப் போடுவார். காற்று, நீர், பறவை, விலங்கு. இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்: சிஸ்டர், அஞ்சாவது ஒன்று இருக்கிறது. வீட்டு ஆம்பளையின் தயவு தாட்சண்யம்.

ஆடியில் ஒரு மழை பெய்தது. வடக்கோரம் முளைத்தது. முதலில் பார்த்தவர் நாட்ராயன்தான். பார்த்தவுடன் வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. "நீ புள்ளையப் பாரு, ஆட்டை நான் பாத்துக்கறேன்" என்று அவளை அந்தப் பக்கமே போகவிடாமல், விரல் உயரம் வளர்ந்ததை முழ உயரம் வளரவிட்டு, பிறகு பயந்து, அரிவாளை எடுத்துப் போய் அறுத்துவிட்டார். தரையோடு தரையாக, புல் அறுக்கிற மாதிரி! அறுத்த கட்டை ஒவ்வொன்றும் நாலு நாலாகத் தழைத்தது. மறுபடி அறுத்தார். மறுபடி தழைத்தது.

ஐப்பசியில் பெரிய மழை. குழந்தைக்குக் காது ஆறியிருந்தது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வடக்கோரம் போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாளாம். புல் தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று, ஒரு வேரில் நாலு கிளையாக, ஒரு கை வீச்சு அகலத்தில் வரிசை வரிசையாக. ஆடு போட்டால் சிதறிக் கிடக்கும். மனுசன் இறைத்தால்தான் வரிசை வரும். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாள். நாட்ராயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எரிச்சது என்ன?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"கேக்கேன்ல. எரிச்சது என்ன?"

"வைக்கோல்."

"அறுத்தது எதுக்கு?"

"நீ பாத்தா வருத்தப்படுவியேன்னு..."

"வருத்தமா? எங்க அய்யாவ ஊரான் முள்ளு கொன்னுச்சு. என் பிள்ளைக்குப் பெத்த அப்பனே விதைச்சிருக்கான். எனக்கு அண்ணன் வேண்டாம்னு நின்னேனே, எதுக்கு நின்னேன்? கோட்டிக்காரியா நான்? அத்தே, எருவக் கொளுத்த மனசு வரலியா உங்களுக்கு? நாளைக்கு இந்த எருவுல வெளைஞ்சத உங்க பேத்திக்கு வேகவச்சுக் குடுங்க. கரிதான் வெளையும். கரியத் தின்னட்டும்!"

ஆத்தா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஈரம் இருக்கிறவரைக்கும்தான் வேர் முழுசாக வரும். மண் காய்ந்தால் நடுவில் அறுந்துவிடும். அறுந்தால் மறுபடி தழையும். அந்த மண்ணுக்கு ஈரம் ஒன்பது நாள். அதற்குள் வடக்கோரம் பூராவும் பறிக்க வேண்டும். பகல் போதாது. அவள் வெள்வேல மரத்தில் தூளி கட்டினாள். பிள்ளையைப் போட்டாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். பக்கத்தில் கடப்பாரையால் ஒரு குத்து, இரண்டு கையாலும் ஒரு இழுப்பு. வெடுக்.

பகலில் ஊர் வேலியோரம் வந்து வேடிக்கை பார்த்தது.

"அம்முணி, பாக்கப் பச்சையாத்தானே இருக்குது. பத்துச் செடி குடு, என்ற வேலிக்கு நட்டுக்கறேன்."

"கிட்ட வந்தா கடப்பாரை உங்களுக்குத்தான் மாமா."

ராத்திரியில் யாரும் வரவில்லை. நரி வந்தது. தூளிக்குக் கீழே நெருப்பு மூட்டி வைத்துக்கொண்டு, பயந்து பயந்துதான் பறித்தாளாம். பயமில்லை என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். பச்சைப் பிள்ளையை மரத்தில் தொங்கவிட்டுவிட்டு இருட்டில் குனிந்து நிற்கிற எந்தப் பொம்பளைக்கும் பயம் இருக்கும். கோபம் அதைவிடப் பெரிசாக இருந்தது. அவ்வளவுதான்.

நாட்ராயன் இரண்டு தடவை வந்தார். "வர வேண்டாம். உங்க கை பட்டா முளைக்கும்" என்று திருப்பி அனுப்பினாள்.

நாலாம் ராத்திரி இன்னொரு வெடுக் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி மாமியார் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தாள். இவளும் அடுத்த செடிக்குக் குனிந்தாள். வெடுக், வெடுக். ஒன்பதாம் நாள் விடியும்போது வடக்கோரத்தில் செடி இல்லை. மாமியாரின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. பறித்ததைப் பட்டி இருந்த இடத்தில் குமித்தார்கள். காய்ந்ததும் மாமியாரே நெருப்பு வைத்தாளாம்.

இதோடு முடிந்திருந்தால் வெயிலுகந்தாளை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த கோடைதான் விஷயம்.

அந்தக் கோடையில் தெற்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. தளவாய் மிச்சமிருந்த நாற்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான் என்று வழிப்போக்கர்கள் சொன்னார்கள். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆட்டுக்கு வேறு தீனியும் இல்லை, அதே காய்தான்.

அப்போதெல்லாம் காட்டுக்குக் கதவு என்று கிடையாது. முள்படல் ஒன்று, வெளியே ஒரு கயிறு. யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். மச்சான் வந்து நின்றால் தன் புருசன் கை தானாகவே அந்தக் கயிற்றுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவள் காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றிக்கொண்டு ஆசாரியிடம் போனாள்.

"ஒரு மரக்கதவு வேணும். தாழ்ப்பாள் உள்பக்கம்."

"உள்பக்கமா? காட்டுக்கா? அப்பறம் வெளியிருந்து எப்பிடித் தொறப்பீங்க?"

"தொறக்கக் கூடாதுன்னுதான் கேக்கேன்."

வேலியில் யார் கண்ணிலும் படாத இன்னொரு இடத்தில் இரண்டு கவைக்கட்டையை நெருக்கி நட்டு ஓர் இடுக்கு வைத்தாள். ஆள் ஒருக்களித்து நுழையலாம். ஆடு நுழையாது.

தளவாய் ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தான். ஆடெல்லாம் எலும்பு. அவனும் எலும்பு. நாட்ராயன் ஓடினார். கை கயிற்றைத் தேடியது. கயிறு இல்லை. கதவைத் தள்ளினார். அசையவில்லை.

"ஏ புள்ளே, தொற! உன்ற அண்ணன் நிக்கறாங்க!"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "எட்டு நாள்."

"வெயிலு, ஆடு செத்துரும் தாயி! கண்ணு சொருகுது பாரு!" என்று தளவாய் கதவில் தலையை முட்டினான்.

"எட்டு நாள்ணே."

"நீ மனுசியா? பேயா?"

கொஞ்ச நேரம் கழித்து வேலிக்கு மேலே எதுவோ பறந்து வந்து ஆட்டு மேல் விழுந்தது. ஒரு கட்டுப் புல். கொழுக்கட்டைப் புல், வேரில்லாமல் அறுத்த புல். அப்புறம் இன்னொரு கட்டு. இன்னொரு கட்டு. தன் ஆட்டுக்கென்று அவள் காத்து வைத்திருந்த புல். எட்டு நாளும் அந்தக் கதவு திறக்கவில்லை, எட்டு நாளும் வேலிக்கு மேலே புல் வந்துகொண்டே இருந்தது. நாற்பதில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

எட்டாம் நாள் அவள் இடுக்கு வழியாக வெளியே வந்தாள். அண்ணன் முன்னால் ஒரு புழுக்கையை நீட்டினாள்.

"நீயே உடை."

உடைத்தான். பார்த்தான். இன்னொன்றை எடுத்து உடைத்தான். பார்த்தான். இருட்டுகிறவரைக்கும் உடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் இவ்வளவுதான் கேட்டானாம்: "அய்யா காட்டுக்கு ஏன் இப்படி ஒரு கதவு இல்லாமப் போச்சு தாயி?"

அவள் உள்ளே போய்த் தாழை எடுத்தாள்.

அதனால்தான் இன்றைக்கும் எங்கள் ஊர் மேய்ச்சல் காடுகளில் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. வெளியூர் ஆடு யாருடையதானாலும் எட்டு நாள் வெளிப்பட்டியில் நிற்கும், வீட்டுப் பொம்பளை வேலிக்கு மேலே புல் எறிவாள், எட்டாம் நாள் ஆட்டுக்கு உடையவரே புழுக்கையை உடைத்துப் பார்க்க வேண்டும். பட்டி எருவை எரிக்கிற அந்தக் கறுத்த மேட்டுக்கு வெயிலுகந்தா மேடு என்று பேர். அங்கே ஒரு கட்டுப் புல்லை வைத்துவிட்டுத்தான் காது குத்துக்குக் கிளம்புவார்கள்.

இருக்கிறது என்றா எழுதினேன்? இருந்தது. போன வருசம் என் வீட்டுக்காரர் பைக்கில் போக வர லேசாக இருக்கட்டும் என்று கதவுக்கு வெளியே கயிறு கட்டினார். தாழ் துருப்பிடித்துக் கிடக்கிறது. நாளைக்கு விடிகாலையில் ஒரு வியாபாரி லாரியில் இருநூறு ஆடு இறக்குகிறாராம். ஒரே ஒரு நாள்தான், தெரிஞ்ச மனுசர், வேண்டாம்னு எப்படிச் சொல்றது என்கிறார். இவரும் நல்ல மனுசர். சாயங்காலம் அந்த வியாபாரி இடத்தைப் பார்க்க வந்தார். வண்டியில் சாக்கு இருந்தது. என்ன என்று கேட்டேன். "தீனிங்க மேடம்" என்றார். ஒரு காயை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். தித்தித்தது.

வெயிலுகந்தாளின் நெஞ்சுரம் எனக்குக் கிடையாது. இருட்டில் வாசல் தாண்டவே பயப்படுகிறவள் நான். கையில் எட்டு மாசப் பிள்ளை வேறு. இதுவரைக்கும் எழுதிவிட்டு எழுந்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, டார்ச்சும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போனேன். கயிற்றை அறுத்தேன். இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து தாழில் எண்ணெய் விட்டேன். அசையவில்லை. கல்லை எடுத்து அடித்தேன். அந்த நேரம் வடக்கோரத்தில் சத்தம் கேட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை.

இன்னும் ஒரு அடி அடித்தேன். தாழ் உள்ளே இறங்கியது.